திறக்க மறுத்த தொப்பி

மோட்டார் வண்டியின் யந்திரத்தை மூடியிருக்கும் தகட்டுக்கு ஆங்கிலேயர் வைத்த பெயர் 'பானெட்'. அவர்கள் பாஷையில் பானெட் என்பது மோவாயின் கீழ் நாடாவால் முடிந்துகொள்ளும் ஸ்திரீகளின் தொப்பி. அமெரிக்கர்கள் அதையே 'ஹுட்' என்கிறார்கள், அதாவது முக்காடு. தொப்பியோ முக்காடோ, போடுவதும் எடுப்பதும் அவரவர் கையில் இருக்கவேண்டும். போட்ட தொப்பி எடுக்க வரவில்லையென்றால், அணிந்தவர் பாடு எப்படியிருந்தாலும், பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வருவது சகஜம். 2018ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அப்படி ஒரு தொப்பியை நாம் பார்த்தோம். நமக்கும் முதலில் சிரிப்புத்தான் வந்தது.

ஆசிரியர்களுக்கான ஒரு கோடை வகுப்பின் பொருட்டு ஆக்ஸ்போர்டுக்குச் சமீபத்திலுள்ள ஒரு கிராமத்தில் மூன்று வாரம் தங்கியிருந்தோம். வீட்டுக்காரர் எழுபது வயதைத் தாண்டிய ஆங்கிலேயர். வாலிபத்தில் அபிங்டன் என்னும் ஊரிலிருந்த எம்.ஜி. மோட்டார் தொழிற்சாலையில் வேலை பார்த்தவர். எம்.ஜி. என்பது 'மாரிஸ் கராஜஸ்' என்பதன் சுருக்கம். ஆக்ஸ்போர்டில் வில்லியம் மாரிஸ் வைத்திருந்த வண்டிக்கடையின் பெயர் அது. அந்தக் கடையின் மானேஜரான ஸெஸில் கிம்பர் என்பவர், முதல் மகாயுத்தம் முடிந்த சில வருஷங்களுக்குப் பிறகு, மாரிஸ் வண்டிகளுக்கு ஒய்யாரமான மேல்கூடு கட்டி விற்க ஆரம்பித்தார். 1929இல் தொழில் அபிங்டனுக்குக் குடிபோயிற்று. 1980 அக்டோபரில் அந்தத் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். 1962 முதல் மூடும் வரையில் அங்கே உற்பத்தியான 'எம்.ஜி.பி.' என்ற ஒரே வகை மாத்திரம் 5 லட்சத்துக்கு மேற்பட்டது.

மாரிஸ் என்ற பெயரைக் கேட்டதும் நேயர்களில் வயதானவர்களுக்கு வேறொரு வண்டி ஞாபகம் வரலாம். வங்காளத்து உத்தர்பாராவில் 2014 வரையில் தயாரான நம் அம்பாஸடர், மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியின் மறுபிறவி. அதில் வெகுகாலம் இருந்த 1489 சி.சி. யந்திரமும், எம்.ஜி.பி.யின் 1798 சி.சி. யந்திரமும் ஒரே வம்சம். பங்காளிகள் என்று சொல்லலாம். ஒரு பங்காளி, எட்டுப் பேர் கொண்ட குடும்பத்தையும் புளியோதரைத் தூக்கையும் சுமந்துகொண்டு திருப்பதிக்குப் போய் வந்தான். மற்றவன் இரண்டே பேரை ஏற்றிக்கொண்டு காற்று வாங்கப் போனான். காற்று வாங்கியவன் பிறந்த வீடு மூடிய பிறகு 34 வருஷம் நம் பங்காளியின் வீட்டில் அடுப்பு எரிந்தது. இதைச் சொல்வதில் நமக்குக் கொஞ்சம் பெருமை இருந்தால் நேயர்கள் மன்னிக்கவேண்டும்.

நிற்க. நம் வீட்டுக்காரரிடம் இருந்தது 1964ஆம் வருஷத்து எம்.ஜி.பி. அந்தக் காலத்து வண்டிகளில் பானெட் அலுமினியம். பின்னால்தான் இரும்புத் தகடு வந்தது. அலுமினியம் இலேசு, துருப்பிடிக்காது. ஆனால் முழங்கையை ஊன்றினால்கூடப் பள்ளம் விழும். கிழவர் அதைத் தடவிக்கொடுப்பதைப் பார்த்தால், வீட்டிலே பசுமாடு வைத்திருப்பவர் ஞாபகந்தான் வரும். அவருடைய பேத்திக்கு அந்தச் சனிக்கிழமை கல்யாணம். மாதா கோவிலுக்கு அந்த வண்டியில்தான் போவேன், தாத்தாதான் ஓட்டவேண்டும் என்று அந்தப் பெண் சிறு வயது முதல் சொல்லி வைத்திருந்தாளாம்.

புதன்கிழமை வெள்ளோட்டம் விட்டபோது உஷ்ணத்தைக் காட்டும் முள் வழக்கத்துக்கு மேலே ஏறியது. ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்திருக்கவேண்டும். தண்ணீர் இல்லாமல் ஓட்டினால் யந்திரத்தின் தலைப்பாகம் சூட்டில் கோணிப் போகும்; செலவு ஒரு பக்கம் இருக்க, கல்யாணப் பெண் வெள்ளை உடுப்புடன் நடுவழியில் ஆவிப் புகைக்குள் நிற்க நேரும். வியாழக்கிழமை மாலை பானெட்டைத் திறப்பதற்காகக் கிழவர் வண்டிக்குள் இருக்கும் குமிழைப் பிடித்து இழுத்தார். வரவில்லை.

இந்த இடத்தில் அந்தத் தாழ்ப்பாளின் அமைப்பைக் கொஞ்சம் சொல்லவேண்டும். எம்.ஜி.பி.யில் பானெட்டின் கீல் கண்ணாடிப் பக்கம். திறக்கும் வாய் மூக்குப் பக்கம். வாயின் அடிப்புறத்திலே, கூம்பான முனையுள்ள ஓர் இரும்பு முளை. முளையைச் சுற்றி ஒரு கெட்டியான ஸ்பிரிங். வண்டியின் உடம்பில், முளைக்கு நேர் கீழே ஒரு துவாரம். துவாரத்தின் அடியில் பக்கவாட்டில் நகரும் தகட்டு நாக்கு. பானெட்டை அமுக்கும்போது முளையின் கூம்பு நாக்கை ஒதுக்கிக்கொண்டு உள்ளே இறங்குகிறது. இறங்கியதும் நாக்குத் தன் ஸ்பிரிங்கின் பலத்தால் திரும்பி வந்து முளையின் கழுத்தைக் கவ்விக்கொள்கிறது. வண்டிக்குள் இருக்கும் குமிழிலிருந்து ஒரு கம்பி, குழாய் போன்ற உறைக்குள் ஓடி, இந்த நாக்கில் ஒரு திருகாணியால் இறுக்கப்பட்டிருக்கும். குமிழை இழுத்தால் நாக்கு விலகும்; முளையைச் சுற்றிய ஸ்பிரிங் பானெட்டை ஓர் அங்குலம் மேலே தள்ளும். அதற்கப்புறம் விரலை உள்ளே விட்டு நெம்பவேண்டிய காவல் கொக்கி ஒன்றும் உண்டு. அது அநாவசியமென்று யாரும் நினைக்கவேண்டாம். கீல் பின்னால் இருப்பதால், ஓடுகிற வேகத்தில் முன்தாழ் விட்டுவிட்டால் காற்று உள்ளே புகுந்து, பானெட்டைத் தூக்கி ஓட்டுகிறவன் முகத்துக்கு நேரே கண்ணாடியில் அறையும்.

ஆகவே, பூட்டியிருக்கும் நிலையில் அங்கே ஓர் ஓயாத மல்யுத்தம். மேலே தள்ளும் ஸ்பிரிங் முளையை நாக்கின்மேல் அழுத்திக்கொண்டே இருக்கிறது. எண்ணெய்ப் பசை இருக்கிற வரையில் நாக்கு நழுவும். பசை காய்ந்து தூசி ஏறினால், அழுத்தத்தின் கீழ் அசைய மறுக்கும். இங்கிலாந்தில் குளிர்காலத்தில் பாதையில் பனி உறையாதிருக்க உப்புத் தூவுவார்கள்; அந்த உப்புத் தண்ணீர் மூக்கின் வழியாக உள்ளே தெறித்து, கம்பியின் உறைக்குள்ளும் இறங்கித் துருவை வளர்க்கிறது. ஒவ்வொரு தடவையும் குமிழ் சிறிது கடினமாகும். மனிதனும் ஒவ்வொரு தடவையும் சிறிது பலமாக இழுப்பான்.

நம் பாட்டி வீட்டுக் கொல்லைக் கதவும் இதே சாதிதான். ஐப்பசி மழையில் மரம் ஊறிக் கதவு வெளியே தள்ளிக்கொண்டு நிற்கும். தாழ்ப்பாளைப் பிடித்துத் தொங்கினாலும் அசையாது. பாட்டி வந்து, "தள்ளடா கதவை!" என்பாள். தோளால் கதவை நிலைக்குள் ஒரு நெருக்கு நெருக்கினால் தாழ் இரண்டு விரலுக்கு இழுபடும். திறக்கவேண்டிய கதவை முதலில் சாத்தவேண்டும் என்பது சிறு வயதில் நமக்கு விளங்காத விந்தையாக இருந்தது. பானெட்டுக்கும் சூட்சுமம் அதுவே. ஒருவர் பூட்டுக்கு நேர் மேலே இரண்டு உள்ளங்கைகளையும் பரப்பி வைத்துக் கீழே அமுக்கவேண்டும். முளை நாக்கை விட்டு ஓர் இம்மி இறங்கும். அந்தக் கணத்தில் மற்றவர் குமிழை இழுத்தால், பத்துக்கு ஏழு எட்டுத் தடவை சாதுவாகத் திறந்துவிடும்.

கிழவருக்கு இது தெரியாமலா இருக்கும்? தொழிற்சாலையில் எத்தனை பானெட்டுகளை அமுக்கிப் பார்த்தவர்! எங்களை அமுக்கச் சொல்வதற்காக அவர் வண்டியை விட்டு இறங்கி வருவதற்குள், கல்யாணத்துக்காக வந்திருந்த அவர் மகன் — ஐம்பது வயது, ஆஜானுபாகு — உள்ளே புகுந்து, ஒரு காலைத் தடுப்பில் உதைத்துக்கொண்டு, இரு கையாலும் குமிழை இழுத்தார். 'சரக்' என்று ஒரு சப்தம். பாம்பாட்டி கூடையிலிருந்து பாம்பை உருவுவதுபோல், குமிழோடு கம்பி முழுவதும் கையில் வந்துவிட்டது. மறுமுனையில் திருகாணியின் பிடி நழுவிப் போயிருந்தது.

நமக்குச் சிரிப்பு வந்தது இந்தச் சமயத்தில்தான். கிழவர் முகத்தைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

"கடப்பாரையால் ஒரு நெம்பு நெம்பினால் தீர்ந்தது, அப்பா! தகடு கோணினால் புதிது வாங்கித் தருகிறேன்" என்றார் மகன். வாங்கலாம் என்பது வாஸ்தவம். எம்.ஜி.பி.க்கு உதிரி பாகங்கள் இன்னும் புதிதாகவே கிடைக்கின்றன. 1988 முதல் முழு உடற்கூட்டையே பழைய அச்சுகளைக் கொண்டு மறுபடி அடித்து விற்கிறார்கள். ஆனால் சனிக்கிழமைக்குள் எங்கே கிடைக்கும்? கிழவர் விலையைப் பற்றிப் பேசவில்லை. "இந்தத் தகட்டை அடித்த மனிதரை எனக்குத் தெரியும்" என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜாக்கியை எடுத்து வரப் போனார்.

பின் சக்கரங்களுக்கு அண்டைக் கட்டை கொடுத்து, முன்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி, இருபுறமும் இரும்பு முக்காலிகளை நிறுத்தி அவற்றின்மேல் வண்டியை இறக்கினார். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கடியில் தலையை நீட்டக்கூடாதென்பதை அவர் இரண்டு தடவை சொன்னார். நாமும் இங்கே இரண்டாம் தடவையாக எழுதத் தயார். ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு ஏற்பட்டது, தாங்குவதற்கு அல்ல. யந்திரம் ஆறியிருக்கவேண்டும், பாட்டரியையும் கழற்றிவிடவேண்டும். நல்ல வேளையாக 1964ஆம் வருஷத்து எம்.ஜி.பி.யில் பாட்டரி பானெட்டுக்குள் இல்லை. 6 வோல்ட்டுப் பாட்டரிகள் இரண்டு ஆசனங்களுக்குப் பின்னால் இருக்கின்றன.

ரேடியேட்டருக்கும் மூக்குக்கும் நடுவே உள்ள சந்தில் டார்ச்சு விளக்கை அடித்து, ஒரு சிறு கண்ணாடியைப் பிடித்துப் பார்த்ததில் நாக்கு தெரிந்தது. அதன்மேல் கறுத்த கிரீஸ் பாறையாகக் காய்ந்திருந்தது. துருவை இளக்கும் எண்ணெயை நீண்ட குழல் வழியாக அதன்மேல் பீச்சிவிட்டு, "இனிமேல் காலையில்தான்" என்றார் கிழவர். மகன் பொறுமை இழந்து உலாவப் போய்விட்டார். எங்களுக்குத் தேநீர் வந்தது. உள்ளூர ஒரு கேள்வி நம்மை அரித்தது, கேட்டுவிட்டோம்: "ஐயா, இவ்வளவு தெரிந்த தாங்கள் அந்தக் கம்பிக்கு ஏன் எண்ணெய் விடவில்லை?" கிழவர் சிரித்து, "கடைசியாக எப்போது விட்டேன் என்று என் மனைவியைக் கேட்காதீர்கள்" என்றார். வாத்தியார் பிள்ளை மக்கு என்று நம் ஊரில் ஒரு வசனம் உண்டு. வாத்தியாராகிய நாம் அதை அவருக்கு மொழிபெயர்த்துச் சொல்லவில்லை.

அன்றிரவு அவர் பேசியதெல்லாம் தாழ்ப்பாளைப் பற்றித்தான். 1961இல் ஜாகுவார் ஈ-டைப் வெளிவந்தபோது, முதல் சில நூறு வண்டிகளில் பானெட்டை வெளியிலிருந்து 'டி' எழுத்து வடிவமான சாவியால் திறக்கவேண்டியிருந்ததாம். பிறகுதான் பிடியை உள்ளே மாற்றினார்கள். அந்த ஆரம்பத்து வண்டிகளுக்கு இப்போது விலை அதிகம். அசௌகரியத்துக்கும் மவுசு உண்டு! 1962இல் வந்த டிரயம்ப் ஸ்பிட்பயருக்கோ மூக்கு முழுவதும் முன்புறமாகக் கவிழும். இரண்டு பக்கத்திலும் வெளியிலேயே கொக்கி. கம்பியே கிடையாது, ஆகவே அறுவதற்கும் ஒன்றுமில்லை. இவரைக் கேட்டால் அதுவே உத்தமம். தாம் வேலை பார்த்த தொழிற்சாலையின் எதிரிக் கம்பெனியைப் புகழ்வதற்கு நல்ல மனசு வேண்டும்.

எல்லாவற்றிலும் வேடிக்கை போர்ஷே 911இன் கதை. அதற்கு யந்திரம் பின்னால். முன் மூடிக்குள் பெட்டி வைக்கும் இடமும் பாட்டரியும். 2004இல் வந்த '997' என்னும் வகையில் அந்த மூடியைத் திறப்பது மின்சாரம். பாட்டரி செத்தால் மூடி திறவாது. மூடி திறவாவிட்டால் பாட்டரியைத் தொட முடியாது. சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பெட்டியைப் பூட்டிய கதைதான். ஜெர்மானியர் இதையும் யோசித்து, கால் வைக்கும் இடத்திலுள்ள ப்யூஸ் பெட்டியில் வெளியே இழுக்கக்கூடிய ஒரு முனையை வைத்திருக்கிறார்கள். வேறொரு பாட்டரியின் கூட்டல் முனையை அதிலும், கழித்தல் முனையைக் கதவின் தாழ் மாட்டும் இரும்பிலும் இணைத்துவிட்டுச் சாவிப் பொத்தானை அமுக்கினால் மூடி திறக்கும். திருட்டு மணி சில சமயம் அலறுமாம். கல்யாண வீட்டில் இதைச் சொல்லிச் சிரிக்கும்போது, கிழவரின் கண் மாத்திரம் ஜன்னல் வழியாக முக்காலிமேல் நின்ற வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் ஒரு சிக்கல். எண்ணெய் ஊறியிருந்தது, முனையை வளைத்த நீண்ட இரும்புக் கம்பியும் தயார். ஆனால் சந்து குறுகல். கிழவரின் கை கட்டை விரல் வரையில் போய் நின்றுவிட்டது. மகனுடைய கையைப் பற்றிச் சொல்லவேண்டியதில்லை. நம் கை சாக்குக்கட்டி பிடித்த கைதான்; ஆயினும் முழங்கை இடித்தது. அப்போது கல்யாணப் பெண், தாத்தாவின் பழைய நீல உடுப்பை மாட்டிக்கொண்டு வந்து, "நகருங்கள், தாத்தா" என்று சொல்லிக் கீழே படுத்துவிட்டாள். கிழவர் மறுத்துப் பார்த்தார். பாட்டியம்மாள் வாசற்படியிலிருந்து, அழகு செய்த நகங்களைப் பற்றி ஏதோ கூவினார். இரண்டுக்கும் பதில் இல்லை. வண்டிக்கடியிலிருந்து இரண்டு கால்கள் மட்டும் தெரிந்தன.

நாம் பானெட்டின் ஓரத்தில், அடியில் விறைப்புக் கட்டை ஓடும் இடமாகப் பார்த்து, துணி விரித்து உள்ளங்கைகளைப் பதித்தோம். கிழவர் டார்ச்சைப் பிடித்தார். "நாக்கு தெரிகிறதா?" "தெரிகிறது." "கம்பி விட்ட காது அதன் பக்கத்தில். அதில் கொக்கியை மாட்டு. நான் சொல்லும்போது தள்ளு; அதற்கு முன்னால் வேண்டாம்." பிறகு நம்மைப் பார்த்துத் தலையை அசைத்தார். அமுக்கினோம். முதல் தடவை கொக்கி நழுவி ரேடியேட்டரின் பக்கம் போய் மோதியது; கிழவர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாம் தடவையும் ஒன்றும் நடக்கவில்லை. மூன்றாம் தடவை அமுக்கியபோது கைக்குக் கீழே தகடு ஏதோ ஒரு நூலளவு இறங்கியதை உணர்ந்தோம். "இப்போது!" என்றார். 'டக்' என்று ஒரு சின்னச் சப்தம். கையை எடுத்ததும் பானெட் ஓர் அங்குலம் எழும்பி நின்றது.

காவல் கொக்கியை விடுவித்துத் திறந்து பார்த்தால், சந்தேகப்பட்டது சரியாகவே இருந்தது. ரேடியேட்டரில் தண்ணீர் பாதிக்கும் கீழே. கீழ் ரப்பர்க் குழாயை இறுக்கும் பட்டை தளர்ந்து சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு திருப்புளியும் ஐந்து நிமிஷமும் போதுமான வேலை. ஆனால் அந்த ஐந்து நிமிஷ வேலைக்கு வழிவிட ஓர் இரவு முழுவதும் ஆயிற்று.

மகன் சந்தோஷத்தில் பானெட்டைப் படாரென்று மூடப் போனார். கிழவர் அவர் கையைப் பிடித்தாரோ, பிழைத்தோம்! தாழைச் சரிசெய்து முடிகிற வரையில் மூடியை மூடிப் பார்க்கக்கூடாது. மூடாமலே சோதிக்க வழி உண்டு. காய்ந்த கிரீஸை மண்ணெண்ணெய்விட்டுக் கழுவி, நாக்குக்கும் அதன் ஸ்பிரிங்குக்கும் புதுக் கிரீஸ் இட்டு, மத்தியானத்துக்குள் வாங்கி வந்த புதுக் கம்பியை எண்ணெய் தடவி உறைக்குள் செலுத்தி இறுக்கினார். ஒரு திருப்புளியின் தண்டைத் துவாரத்துக்குள் முளையைப்போல் விட்டு நாக்கைக் கவ்வச் செய்து, உள்ளேயிருந்து குமிழை இழுக்கச் சொன்னார். பத்துத் தடவை இழுத்து, பத்துத் தடவையும் நாக்கு முழுவதும் விலகிய பிறகே திருப்தியடைந்தார். முளையின் உயரத்தையும் பார்த்தார். அதன் நட்டைத் தளர்த்தி, முளையைத் திருப்புளியால் திருகி ஏற்றலாம், இறக்கலாம். முளை ரொம்பக் குட்டையானால் பானெட் எப்போதும் இழுத்துக் கட்டினாற்போல் இருந்து நாக்கின்மேல் பாரம் ஏறும். ரொம்ப நீளமானால் ஓட்டத்தில் தடதடவென்று ஆடும்.

கடைசியாக, உறுதியான மெல்லிய கம்பி ஒன்றை நாக்கின் காதில் தனியாகக் கோத்தார். முதற்கம்பி என்றைக்காவது மறுபடி கைவிட்டால் இதை இழுக்கலாம். அதன் மறுமுனையைச் சிறு வளையமாக முறுக்கி, வண்டியின் கீழ்ப்புறத்தில் வெளியாருக்குத் தெரியாத ஓர் இடத்தில் ஒளித்துக் கட்டினார். வளையம் வெளியே தெரிந்தால் வழிப்போக்கனும் பானெட்டைத் திறந்துவிடுவான் அல்லவா?

சனிக்கிழமை பதினொரு மணிக்குத் தாத்தாவும் பேத்தியும் புறப்பட்டார்கள். கோவில் வாசலில் நாம் எட்டிப் பார்த்தபோது உஷ்ண முள் நடுவில் அசையாமல் நின்றது. பெண்ணின் வலது கை ஆள்காட்டி விரல் நகத்தில் ஒரு கறுப்புக் கோடு மட்டும் எவ்வளவு தேய்த்தும் போகவில்லை என்று பாட்டியம்மாள் எல்லோரிடமும் குறைப்பட்டுக்கொண்டார்.

அந்த வளையம் இருக்கும் இடம் மூன்று பேருக்குத்தான் தெரியும்: கிழவருக்கு, பேத்திக்கு, நமக்கு. மகனிடம் சொல்லவில்லை.